கல்யாணத்துக்கு ஒரு பாஸ்போர்ட்

ஐந்தரைக்கு எழுந்தேன். மழைநீர்த் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். பாதி இருந்தது. பல் தேய்த்தேன். எலுமிச்சைப்புல் போட்டுத் தேநீர் கொதிக்க வைத்து நின்றபடியே குடித்தேன். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தேன். ஃப்ரீசர் மேல் கிடந்த சாவியை எடுத்துக்கொண்டேன்.

ஃப்ரீசரைத் திறக்கவில்லை. ஜூலையிலிருந்து திறக்கவில்லை. இரவில் அதன் மேல் சாவியை வைப்பேன், காலையில் எடுப்பேன். வேறு உபயோகம் இல்லை.

ஜூலையில் என் மனைவி மரீசா இந்தச் சமையலறையில் நாற்காலியில் உட்கார்ந்தபடி இறந்துபோனாள். தலைக்குள் ஏதோ நரம்பு வெடித்தது என்றார்கள். அவளுடைய கடைசி வார்த்தை ‘சமாதானம்’ என்று அடக்கத்தில் பாஸ்டர் ஹாட்ஜ் சொன்னார். கோயிலே அழுதது. பாஸ்டர் அப்போது இங்கே இல்லை. நான் இருந்தேன். நான் திருத்தவில்லை.

என் பெயர் டாரியன் லெட்சம். அமெரிக்கக் கொடி பறக்கும் செயின்ட் ஜான் தீவில் துப்பறியும் நிபுணன் என்று போர்டு வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்த ஊரில் இந்தத் தொழிலுக்குப் பெரிய தேவை இல்லை. எனக்கு வரும் வழக்குகளில் பெரும்பாலானவை ஆடுகள்.

அலுவலக வாசலில் லெஸ்டர் வான்டர்பூல் தன் திறந்த டாக்ஸி லாரியில் சாய்ந்துகொண்டு நண்டு வைத்துப் பொரித்த பாட்டே என்னும் பலகாரத்தைத் தின்றுகொண்டிருந்தான். டாக்ஸி ஓட்டுவது அவன் தொழில். எனக்கு உதவியாளன் என்பது அவனாகவே எடுத்துக்கொண்ட பதவி. நான் மேல்படிப்புக்கு வெளியூர் போய் வந்தவன் என்பதை அவன் இன்னும் மன்னிக்கவில்லை.

“என்ன காலேஜ், இன்னிக்கு ஆடா, கழுதையா?”

அப்போது மிஸ் யூட்ரிஸ் பென் படியேறி வந்தாள். அறுபதைத் தாண்டியவள். தலையில் முடி சுருட்டும் கம்பிகள், அவற்றின் மேல் மணப்பெண்ணின் வெள்ளை வலை, உடம்பில் வீட்டு கவுன், ஒரு காலில் மட்டும் வெள்ளைச் செருப்பு.

“குட் மார்னிங்,” என்றாள்.

“குட் மார்னிங், மிஸ் யூட்ரிஸ்.”

“குட் மார்னிங், லெஸ்டர்.”

“குட் மார்னிங், மிஸ் யூட்ரிஸ். வீட்ல எல்லாரும் சௌக்கியமா?”

“சௌக்கியம்.”

பிறகுதான் நாற்காலியில் விழுந்து அலறினாள். எங்கள் தீவில் கூரை பற்றி எரிந்தாலும் இந்த வரிசை மாறாது.

“என் பாஸ்போர்ட்டக் காணோம்! எவனோ திருடிட்டான்! மூணு மணிக்கு டோர்ட்டோலாவுல எனக்குக் கல்யாணம்!”

அவளுக்கும் எதிர்க்கரையில் இருக்கும் பிரிட்டிஷ் தீவான டோர்ட்டோலாவின் மீனவர் ஹெஸகாயா ஃப்ரெட்டுக்கும் நிச்சயமாகி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. முதல் தடவை புயல் வந்து கோயில் கூரையைக் கொண்டு போயிற்று. இரண்டாம் தடவை அவள் எப்போதும் போல லைசென்ஸும் பிறப்புச் சான்றிதழும் எடுத்துக்கொண்டு படகேறினாள். அது போதாது, இனிமேல் பாஸ்போர்ட்தான் என்று அந்த மாதம்தான் மாற்றியிருந்தார்கள். கல்யாணக் கவுனோடு அதே படகில் திருப்பி அனுப்பினார்கள்.

“இன்னிக்கும் வரலன்னா கடவுளுக்கே இஷ்டமில்லன்னு அர்த்தம், இனிமே கேக்க மாட்டேன்னு சொல்லிட்டாரு தம்பி. நேத்து போன்ல. குரல் உடைஞ்சு போச்சு அவருக்கு.”

“அவர் இங்க வந்து பண்ணிக்கக் கூடாதா?” என்றேன்.

“அவரை இங்க எறங்க விட மாட்டாங்க. போன வருஷம் எனக்கு ஒரு ஆடு கொண்டு வந்தாரு. ஆட்டுக்குப் பேப்பர் இல்ல. ஆபீசர் கேட்டதும் பயந்துபோயி, ‘அது யாருன்னே தெரியாது, கூட வந்த பயணி’ன்னு சொல்லிட்டாரு.”

“நல்ல மனுஷன்,” என்றான் லெஸ்டர். “மிஸ், உங்க வீட்டு ஜன்னல்லேர்ந்து பார்த்தா டோர்ட்டோலாவுல காயற துணி தெரியுது. லைசென்ஸ வச்சுக்கிட்டு நீங்க அலாஸ்கா வரைக்கும் பறந்து போகலாம், ஒருத்தன் கேக்க மாட்டான். அது நம்ம கொடி. எதிர்க்கரைக்குப் போகணும்னா மட்டும் பாஸ்போர்ட். அது அவங்க கொடி. பேசாம அலாஸ்காவுல ஒரு மாப்பிள்ளை பார்த்திருக்கலாம்.”

அவள் செருப்பைக் கழற்றி அவன்மேல் எறிந்தாள். இப்போது இரண்டு காலும் சமமாயிற்று.

அவள் வீட்டுக்குப் போனோம். அலமாரியில் வட்டமான பட்டர் பிஸ்கட் டப்பா. தீவில் எந்த வீட்டிலும் அதில் பிஸ்கட் இருந்ததில்லை. முக்கியமான காகிதங்கள் இருக்கும், ஓரத்தில் நூல்கண்டும் இருக்கும். இப்போது நூல்கண்டும் மூன்று பொத்தானும்தான் இருந்தன.

“இதுல வேற என்னவெல்லாம் இருந்துச்சு?”

“என் பாஸ்போர்ட், தம்பி ருடால்ஃப் பாஸ்போர்ட், நிலத்துப் பத்திரம், கூரை இன்ஷூரன்ஸ், அம்மாவோட ஞானஸ்நானச் சீட்டு.”

“எல்லாமேவா போச்சு?”

“எல்லாமே!”

“பேராசைக்காரத் திருடன்,” என்றான் லெஸ்டர். “உங்க அம்மா ஞானஸ்நானத்தை வித்தா என்ன கிடைக்கும்?”

அதைத்தான் நானும் யோசித்தேன். “பாஸ்போர்ட் திருட வந்தவன் பாஸ்போர்ட்டை எடுப்பான். நிலத்துக்கு ஆசைப்பட்டவன் பத்திரத்தை எடுப்பான். ஞானஸ்நானச் சீட்டு வரைக்கும் எடுத்தவன் திருடல மிஸ். காப்பாத்தியிருக்கான்.”

“எதுலேர்ந்து?”

“புயல்லேர்ந்து.”

இரண்டு வாரம் முன்பு ஒரு புயல் வருவதாகச் சொன்னார்கள். ஜன்னலுக்குப் பலகை அடித்து, தண்ணீர் பிடித்து, எல்லோரும் காத்திருந்தோம். அது வடக்கே திரும்பிவிட்டது. இரண்டு நாள் கரன்ட் போனதுதான் மிச்சம்.

“அன்னிக்கு வீட்ல யார் இருந்தாங்க?”

“நான் கோயில்ல பலகை அடிக்கப் போயிருந்தேன். ருடால்ஃப் இருந்தான்.” அவள் கண்கள் சுருங்கின. “காலையில பாஸ்போர்ட் காணோம்னு நான் கத்தினதும் பின்வாசல் வழியா போயிட்டான். நான் போயிட்டா அவனுக்கு எவ சமைச்சுப் போடுவா?”

“நோக்கம் கிடைச்சிருச்சு,” என்றான் லெஸ்டர். “வயிறு.”

ருடால்ஃபைக் கண்டுபிடிக்கத் துப்பறியும் நிபுணன் தேவையில்லை. பாதாம் மரத்தடியில் டாமினோ ஆடும் மேசை. கட்டையைத் தலைக்கு மேல் தூக்கி ஓங்கி அறையப் போனவர், வலை போட்ட அக்கா லாரியிலிருந்து இறங்குவதைப் பார்த்தார். கட்டையைத் தூக்கிய கையோடு மேசைக்கு அடியில் போய்விட்டார். ஐம்பத்தெட்டு வயது ஆள்.

நான் குனிந்தேன். “குட் மார்னிங், மிஸ்டர் பென்.”

“குட் மார்னிங், தம்பி,” என்றார் மேசைக்கு அடியிலிருந்து. “அவ கையில ஏதாவது இருக்கா?”

“ஒண்ணுமில்ல. காகிதத்தையெல்லாம் எங்க வச்சீங்க?”

“நல்லதுதான் பண்ணினேன். தண்ணி போகாத எடத்துல வைங்கன்னு ரேடியோவுல சொன்னான். ஜிப் பையில போட்டேன். ஃபாயில் சுத்தினேன். மேல பழுப்புக் காகிதம் சுத்தி, ‘வஞ்சிரம்’னு எழுதினேன். திருடன் வந்தா ஏமாறணும்ல?”

“வஞ்சிரத்தை விட்டுட்டுப் போற திருடன் இந்த ஊர்ல எவன்யா?” என்றான் லெஸ்டர்.

“அப்புறம் கொண்டு போயி...”

“ஃப்ரீசர்ல வச்சீங்க,” என்றேன்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஜூன் பிறந்தால் மரீசா எங்கள் பாஸ்போர்ட்டுகளை ஃப்ரீசரின் அடியில் வைப்பாள். நவம்பர் முடிந்து புயல் காலம் போனதும் வெளியே எடுப்பாள். வீடு பறந்தாலும் ஃப்ரீசர் கிடக்கும் என்பாள். நான் அதை அவரிடம் சொல்லவில்லை.

“வச்சேன், மறந்துட்டேன்,” என்றார் ருடால்ஃப். “காலையில இவ கத்தினப்பதான் ஞாபகம் வந்துச்சு. ஓடிப் போயி தெறந்தேன். உள்ள ஒண்ணுமே இல்ல. வெறும் பனி. அதான் இங்க வந்தேன்.”

சத்தம் எதுவும் வரவில்லை என்று திரும்பிப் பார்த்தேன். யூட்ரிஸ் டாமினோ பெஞ்சில் உட்கார்ந்துவிட்டிருந்தாள்.

“நான்தான்,” என்றாள். “கரன்ட் போன ரெண்டாம் நாள். எல்லாம் கெட்டுப் போயிடுமேன்னு ஃப்ரீசர்ல இருந்த மீன் அத்தனையும் வழிச்சு பக்கத்து வீட்டு ஆல்டாகிட்ட குடுத்தேன். அவகிட்ட ஜெனரேட்டர் இருக்கு.”

திருடன் கிடைத்துவிட்டான். தலையில் வலையோடு என் எதிரில் உட்கார்ந்திருந்தான்.

மிஸ் ஆல்டா வாசலில் புளி உரித்துக்கொண்டிருந்தாள். லெஸ்டர் லாரியை நிறுத்துவதற்கு முன்பே குதித்து ஓடினான்.

“மிஸ் ஆல்டா, யூட்ரிஸ் குடுத்த மீன் எங்க?”

அவள் அவனைத் தாண்டி என்னைப் பார்த்தாள். “டாரியன், அந்த லாரியிலேர்ந்து ஏதோ விழுந்து சத்தம் போடுது.”

“குட் மார்னிங், மிஸ் ஆல்டா,” என்றான் லெஸ்டர்.

“ஆங். குட் மார்னிங், மகனே. என்ன வேணும்?”

“மீனு.”

“அந்தப் பேச்சே எடுக்காத! கரன்ட் போனதும் இந்தக் குன்று முழுக்க எங்கிட்ட மீனக் கொண்டு வந்து கொட்டிருச்சு. மூணு நாள் பொரிச்சேன், மூணு நாள் குழம்பு வச்சேன். எங்க பூனை கோவிச்சுக்கிட்டு வீட்ட விட்டே போயிடுச்சு. மிச்சத்த பாஸ்டர் தலையில கட்டிட்டேன்.”

“ரொம்ப லேசா, தட்டையா ஒரு வஞ்சிரம் இருந்துச்சா?” என்றேன்.

“இருந்துச்சு. சீக்காளி மீனுன்னு நெனச்சேன். அதான் பாஸ்டருக்குப் போட்டேன்.”

பாஸ்டர் ஹாட்ஜ் கோயில் வராந்தாவில் இருந்தார். லெஸ்டர் பாடம் படித்திருந்தான். தொப்பியைக் கழற்றிக்கொண்டு, “குட் மார்னிங், பாஸ்டர்,” என்றான்.

பாஸ்டர் சுவரிலிருந்த கடிகாரத்தைக் காட்டினார். பன்னிரண்டைத் தாண்டி ஒரு நிமிடம் ஆகியிருந்தது.

“குட் ஆஃப்டர்நூன், பாஸ்டர்,” என்றான் லெஸ்டர் பல்லைக் கடித்தபடி.

“குட் ஆஃப்டர்நூன். டாரியன், எப்படி இருக்க? உன் மனைவியோட கடைசி வார்த்தையை நான் தினமும் நினைச்சுக்கறேன்பா. சமாதானம்!”

“மீன் விஷயமா வந்தோம், பாஸ்டர்.”

அவர் முகம் மலர்ந்தது. “ஆண்டவர் கொடுத்தது. நான் ஒருத்தன் எவ்வளவு சாப்பிடுவேன்? நம்ம யூட்ரிஸ் கல்யாணம் ஞாபகம் வந்துச்சு. ஐஸ் போட்டுக் கட்டி, சனிக்கிழமைப் படகுல மாப்பிள்ளை வீட்டுக்கே அனுப்பி வச்சேன். விருந்துக்கு என்னோட பங்கு.”

லெஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டான். “யூட்ரிஸ் மீனை யூட்ரிஸ் கல்யாணத்துக்கே மொய் வச்சிருக்கீங்க!”

யூட்ரிஸ் அதற்குள் போனைக் காதில் வைத்திருந்தாள். எதிர்முனையில் ஹெஸகாயாவின் குரல் எங்களுக்கும் கேட்டது.

“எங்க இருக்க யூட்ரிஸ்? சட்டைக்குக் கஞ்சி போட்டாச்சு.”

“பாஸ்டர் அனுப்பின மீன் எங்க?”

“தங்கச்சி இப்பத்தான் வெட்ட உக்காந்திருக்கா. கடைசிப் பொட்டலத்துல கத்தி எறங்க மாட்டேங்குது, அரிவாள் எடுக்கப் போறா.”

“நிறுத்தச் சொல்லு!” நாங்கள் நாலு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். பாஸ்டருக்கு ஏன் கத்துகிறோம் என்றே தெரியாது. இருந்தாலும் கத்தினார்.

பாத்திரம் ஏதோ உருண்டது. காகிதம் கிழிந்தது.

“யூட்ரிஸ்,” என்றார் ஹெஸகாயா மெதுவாக. “இது மீனு இல்ல. நீலமா இருக்கு. மேல தங்கத்துல ஒரு கழுகு போட்டிருக்கு. வஞ்சிரத்துக்குள்ள கழுகு எப்படி வந்துச்சு?”

ஆக, எந்தக் கரையில் இறங்க அவளுக்கு பாஸ்போர்ட் வேண்டுமோ, அந்தக் கரைக்கு அவள் பாஸ்போர்ட் அவளில்லாமல் போய்ச் சேர்ந்திருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. மீன் என்று எழுதியிருந்தது.

படகுத்துறை டிக்கெட் ஜன்னலில் பாஸ்போர்ட்டைக் காட்டாமல் டிக்கெட் தர மாட்டார்கள். லெஸ்டருக்கு எல்லாத் தொழிலிலும் ஒரு சித்தப்பா மகன் உண்டு. மீன்பிடிப் படகு ஒன்று ஏற்பாடாயிற்று.

“ரெண்டு சாட்சி வேணும்,” என்றாள் யூட்ரிஸ். “ருடால்ஃப் வர்றதா இருந்துச்சு. அவன்கூட இனி ஒரே படகுல ஏறினா நடுக்கடல்ல தள்ளிருவேன். நீங்க ரெண்டு பேரும் வாங்க.”

லெஸ்டர் சட்டைப் பையைத் தட்டினான். விதி மாறிய நாளிலிருந்து அவன் பாஸ்போர்ட்டோடுதான் தூங்குகிறான்.

“உன்னோடது எங்க தம்பி?” என்றாள் என்னிடம்.

“வீட்ல.”

“போயி எடுத்துட்டு வா. நான் அதுக்குள்ள கவுன் மாட்டிக்கறேன்.”

லெஸ்டர் கடலின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வீட்டுக்குப் போனேன். ஃப்ரீசர் மூடியைச் சுற்றிப் பனி இறுகியிருந்தது. கரண்டிக் காம்பால் நெம்பினேன். திறந்தது. கரன்ட் போன இரண்டு நாளும் நான் திறக்காததால் உள்ளே எதுவும் உருகவில்லை. மேலாக ஒரு சங்கரா மீன் பொட்டலம், மரீசா கட்டியது. அதைத் தூக்கி சிங்கில் வைத்தேன். அடியில் ஜிப் பை. காற்றை முழுக்க நெட்டி வெளியேற்றிவிட்டுத்தான் அவள் பையை மூடுவாள். உள்ளே இரண்டு நீல அட்டைகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு உலர்ந்து இருந்தன. பையைப் பிரிக்கவில்லை. அப்படியே எடுத்துக்கொண்டு ஓடினேன்.

டோர்ட்டோலாத் துறையில் ஹெஸகாயா கறுப்பு கோட்டும் கஞ்சிச் சட்டையுமாக நின்றிருந்தார். கையில் வெள்ளித் தட்டு. தட்டில் செங்கல் மாதிரி ஒரு பனிக்கட்டி. ருடால்ஃப் பையை ஒழுங்காக மூடவில்லை. கரன்ட் போனபோது மீன் தண்ணீர் உள்ளே இறங்கி, ஆல்டாவின் ஃப்ரீசரில் எல்லாம் சேர்ந்து உறைந்துவிட்டது.

குடியேற்ற அதிகாரி மிஸ் மலோன் படகுக்கும் கரைக்கும் நடுவில் வந்து நின்றாள்.

“குட் ஆஃப்டர்நூன்.”

“குட் ஆஃப்டர்நூன்,” என்றோம்.

“மணப்பெண் கால் எடுத்து வைக்கக் கூடாது. பாஸ்போர்ட்?”

ஹெஸகாயா தட்டை நீட்டினார். அவள் பனிக்கட்டியை எடுத்து மேசையில் தட்டினாள். டக் டக் என்றது.

“இதுக்குள்ள இருக்கற படத்தை நான் பார்க்கணும்.”

“உருகணும், மிஸ்.”

“அப்ப உருகட்டும்.”

சட்டத்தில் எங்கே உருகவேண்டும் என்று சொல்லவில்லை. அலுவலக ஜீப்பின் மூக்கில் வெயில்பட வைத்தோம். ஹெஸகாயா குனிந்து ஊதினார். அவர் தங்கை விசிறினாள். அந்த ஊர் பாஸ்டர் வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“நாலு மணிக்கு அதே கோயில்ல ஒரு அடக்கம் இருக்கு. அதுக்குள்ள முடியணும்.”

“அவர் செத்தவர்தானே, கொஞ்சம் காத்திருக்க மாட்டாரா?” என்றான் லெஸ்டர்.

“அவர் பேப்பரெல்லாம் சரியா இருக்கு,” என்றாள் மிஸ் மலோன்.

“அப்ப இப்படியே முடிச்சிருங்க. பொண்ணு படகுல, மாப்பிள்ளை கரையில.”

“அந்தம்மா இன்னும் இந்த நாட்டுக்குள்ளேயே வரல. வராத பொண்ணுக்கு இங்க எப்படிக் கல்யாணம்?”

யூட்ரிஸ் படகின் நடுவில் கவுனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். அலை வரும்போதெல்லாம் ஏறினாள், இறங்கினாள். ஹெஸகாயா ஊதுவதை நிறுத்தவில்லை.

“அடுத்து,” என்றாள் மிஸ் மலோன் என்னைப் பார்த்து.

பையைக் கொடுத்தேன். பிரித்து மேலே இருந்ததைத் திறந்தாள். படத்தைப் பார்த்தாள். படகைப் பார்த்தாள்.

“இவங்க எங்க?”

“வரல.”

“அடுத்த படகுல வர்றாங்களா?”

“மிஸ்...” என்று ஆரம்பித்தான் லெஸ்டர். அவன் வேடிக்கை இல்லாமல் தொடங்கிய முதல் வாக்கியம் அது. முடிக்கவில்லை.

“வர மாட்டாங்க,” என்றேன்.

அவள் இன்னொரு தடவை படத்தைப் பார்த்தாள். அட்டையை மூடினாள். பைக்குள் வைத்து, உள்ளங்கையால் காற்றை நெட்டி வெளியேற்றி, ஜிப்பை இழுத்து மூடி என்னிடம் கொடுத்தாள். பிறகு என்னுடையதைத் திறந்தாள்.

“வந்த நோக்கம்?”

“சாட்சி.”

முத்திரை குத்தினாள்.

அப்போது ஜீப்பிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது. ஞானஸ்நானச் சீட்டு முதலில் விடுபட்டது. பிறகு பத்திரம். கடைசியில் நீல அட்டை வாய் திறந்தது. படப் பக்கம் பிளாஸ்டிக் என்பதால் ஒன்றும் ஆகவில்லை. உள்ளே யூட்ரிஸ் முறைத்துக்கொண்டிருந்தாள். ஒரு மீன் செதில் அவள் நெற்றியில் ஒட்டியிருந்தது. மிஸ் மலோன் அதை நகத்தால் எடுத்தாள்.

“வந்த நோக்கம்?”

யூட்ரிஸ் தன் கவுனைப் பார்த்தாள், வலையைப் பார்த்தாள். “மீன் வாங்க,” என்றாள்.

“எத்தனை நாள் தங்குவீங்க?”

“அது அந்தாள் நடந்துக்கறதப் பொறுத்து.”

ஈரப் பக்கத்தில் முத்திரை வழுக்கிக்கொண்டு போயிற்று. ஆனால் விழுந்தது. யூட்ரிஸ் கரையில் கால் வைத்தாள். ஹெஸகாயா தட்டைக் கீழே போட்டுவிட்டு அழுதார்.

நாலு மணிக்கு நாங்கள் கோயிலிலிருந்து வெளியே வந்தோம், பெட்டி உள்ளே போயிற்று. வாசலில் இரண்டு கூட்டமும் ஒருவருக்கொருவர் குட் ஆஃப்டர்நூன் சொல்லி முடிக்கச் சிறிது நேரம் பிடித்தது.

வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. சாவியை ஃப்ரீசர் மேல் வைத்தேன். லெஸ்டர் விருந்து மீனைப் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தான். சமையலறை வாசலில் நின்று முகர்ந்தான்.

“சிங்க்ல என்ன, காலேஜ்?”

சங்கரா. மத்தியானம் வைத்தபடியே கிடந்தது. விரலால் அழுத்தினேன். அமுங்கியது. பொட்டலத்தைச் சுற்றித் தண்ணீர் நின்றது.

“மரீசா கட்டினதா?”

“ஆமா.”

அவன் நாற்காலியில் உட்காரப் போனான். எந்த நாற்காலி என்று ஞாபகம் வந்து நின்றுகொண்டான். கையிலிருந்த பொட்டலத்தை வைத்துவிட்டுக் கேட்டான்.

“பாஸ்டர் சொன்னாரே, சமாதானம்னு. அவ அப்படித்தான் சொன்னாளா?”

“இல்ல.”

“பின்ன?”

அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் சொன்னது இதுதான்:

“அந்தச் சங்கராவ எடுத்து வெளிய வச்சிரு, மறந்துராத. அப்புறம் சாயங்காலம் கல்லு மாதிரி இருக்குன்னு எங்கிட்ட வந்து நிக்காத.”